கணினி கேள்வி – பதில்: படம் ஓடுது, சத்தத்தைக் காணோம்!

கேள்வி: அப்பாவின் 70-வது பிறந்தநாள் விழாவை வீடியோ எடுத்தவர் எம்.கே.வி. ஃபைலாகக் கொடுத்தார். போனில் பார்க்கலாம் என்று அதை எம்.பி.4 ஆக மாற்றினேன். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற வீடியோ ப்ளேயரில் நன்றாகக் கேட்கிறது. போனில் போட்டால் அப்பா வாயசைக்கிறார், குரலே இல்லை. மாற்றும்போது ஆடியோ அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை, கவலை வேண்டாம். வி.எல்.சி.யில் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் அப்பாவின் குரல் அந்த எம்.பி.4 ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கிறது. உங்கள் போனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எம்.கே.வி., எம்.பி.4 இரண்டுமே வெறும் பெட்டிகள். உள்ளே படம் ஒரு தனி ஓடையாகவும் ஒலி இன்னொரு ஓடையாகவும் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கோடெக் என்கிறோம். சில கன்வெர்ட்டர்கள் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வைத்துவிடும். பழைய ஃபைலில் ஒலி ஏ.சி.3 அல்லது டி.டி.எஸ். முறையில் இருந்தால் புதியதிலும் அதே முறையில்தான் இருக்கும். வி.எல்.சி. தனக்கு வேண்டிய டீகோடர்களை, அதாவது சுருக்கியதை விரித்துப் படிக்கும் நிரல்களைக் கையோடு வைத்திருப்பதால் அதையும் பாடவைத்துவிடும். பல போன்களும் தொலைக்காட்சிகளும் அப்படியல்ல.

ஊகத்தில் வேலை செய்ய வேண்டாம், பார்த்துவிடலாம். ஃபைலை வி.எல்.சி.யில் திறந்து கன்ட்ரோல் விசையுடன் ஜே-யை அழுத்துங்கள். கோடெக் விவரங்கள் ஒரு சின்ன ஜன்னலில் வரும். ‘ஸ்ட்ரீம் 0’ பெரும்பாலும் படம், ‘ஸ்ட்ரீம் 1’ ஒலி. அதில் கோடெக் என்ற வரியைப் படியுங்கள். ‘ஏ52’ என்று இருந்தால் அது ஏ.சி.3-தான், இன்னொரு பெயர். டி.டி.எஸ். என்றிருந்தாலும் காரணம் தெரிந்துவிட்டது. எம்.பி.4 பெட்டிக்குள் எல்லாக் கருவிகளும் எதிர்பார்ப்பது ஏ.ஏ.சி. என்ற கோடெக்கைத்தான்.

இனி செய்ய வேண்டியது ஒலியை மட்டும் மாற்றுவது. படத்தைத் தொடவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சத்தம் வரவில்லை என்று முழு வீடியோவையும் திரும்பத் திரும்பக் கன்வெர்ட் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவையும் படத்தின் தரம் கொஞ்சம் கரையும். ஏவிடீமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் மூல எம்.கே.வி. ஃபைலைத் திறங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக மூன்று தேர்வுகள் இருக்கும். வீடியோவுக்கு ‘காப்பி’, ஆடியோவுக்கு ஏ.ஏ.சி. என்று தொடங்கும் ஏதாவது ஒன்று, கடைசியில் ‘எம்.பி.4 மக்ஸர்’. ஆடியோவின் கான்ஃபிகரில் பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு ஒலித் தரவு என்ற அளவு) 192 ஆக வையுங்கள். அதன் கீழே ஃபில்டரில் ‘ரீமிக்ஸ்’ இருக்கும், அதில் ஸ்டீரியோ. பிறகு சேவ். படம் புதிதாகச் சுருக்கப்படாததால் நீளமான விழா வீடியோகூடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

வி.எல்.சி.யின் அந்தக் கோடெக் ஜன்னலில் ஒலிக்கான ஸ்ட்ரீமே இல்லையென்றால்? அப்போது கன்வெர்ட்டர் ஒலியை விட்டுவிட்டது என்று அர்த்தம். வி.எல்.சி.யிலேயே கன்வெர்ட் செய்திருந்தால், அப்போது தேர்ந்தெடுத்த ப்ரொஃபைலின் (மாற்றுவதற்கான அமைப்புகளின் தொகுப்பு) ஆடியோ கோடெக் பக்கத்தில் ‘ஆடியோ’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். அப்பாவின் குரல் அதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழு போட்ட மேடை நாடகத்தின் டிவிடியை எம்.பி.4 ஆக்கினேன். இசை கேட்கிறது, கைதட்டல் கேட்கிறது. வசனம் மட்டும் தேய்ந்துபோய், சில இடத்தில் சுத்தமாகவே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் டிவிடியில் ஒலி 5.1 முறையில் பதிவாகியிருக்கும். முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. இதில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் போகும். இரண்டு ஸ்பீக்கருக்கு மாற்றும்போது ஆறையும் அளவாகக் கலந்து இரண்டாக்க வேண்டும். கலக்காமல் இடது, வலது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இசை மிஞ்சும், நடிகர்கள் காணாமல்போவார்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கன்வெர்ட்டரில் ஆடியோ பகுதிக்குப் போய் ‘மிக்ஸ்டவுன்’ என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று வைத்து, டிவிடியிலிருந்தே மறுபடி எடுங்கள். ஏற்கெனவே மாற்றிய எம்.பி.4-இல் நடு சேனல் இல்லை, அதிலிருந்து வசனத்தை மீட்க வழியில்லை.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஹெட்போனில் வசனம் தெளிவாகக் கேட்டு, போனின் ஒற்றை ஸ்பீக்கரில் மட்டும் மறைகிறதா? அப்படியானால் கோளாறு பதிவிலேயே இருக்கிறது. ஒலி மிக்ஸரின் பேலன்ஸ்ட் இணைப்பை (ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்புவது) கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் நேராகச் செருகினால், இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழ் அலையாகப் பதிவாகும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மௌனமாகிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டால் குரல் திரும்பிவிடும்.

கேள்வி: ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எம்.கே.வி.யை அழித்துவிட்டு எம்.பி.4 என்று எழுதினால் மாறிவிடாதா?

பதில்: மாறாது. பெயர்தான் மாறும், உள்ளே எல்லாம் பழையபடியே இருக்கும். பழைய பெயரையே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வீடியோ கேமராவின் மினி டி.வி. (MiniDV) கேசட்டுகளை ஏ.வி.ஐ. ஃபைலாக எடுத்து வைத்திருக்கிறோம். எடிட் செய்யும் மென்பொருளில் திறந்தால் ஆடியோ ட்ராக்கே வருவதில்லை. பாட்டியின் தாலாட்டு அதில் இருக்கிறது.

பதில்: இந்த ஏ.வி.ஐ.யில் இரண்டு வகை உண்டு. டைப் 1-இல் படமும் ஒலியும் ஒரே ஓடையில் பின்னியிருக்கும். டைப் 2-இல் ஒலிக்குத் தனி ஓடை உண்டு. பழைய எடிட்டிங் மென்பொருள்கள் சில தனி ஓடையைத் தேடும், கிடைக்காவிட்டால் ஒலியே இல்லை என்று முடிவு கட்டிவிடும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச வீடியோ நிரல் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் திறந்து பாருங்கள், அவை டைப் 1-ஐயும் படிக்கும்.

திறந்ததும் ஒலி ட்ராக் எத்தனை என்று கவனியுங்கள். கேமராவில் ஒலியை 12 பிட் என்று வைத்து எடுத்திருந்தால் அது 32,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு), இரண்டு ஜோடி சேனல்களாக இருக்கும். முதல் ஜோடியில்தான் கேமரா மைக் பதிவாகும். இரண்டாவது ஜோடி பிற்பாடு டப்பிங் செய்வதற்காக விட்ட இடம், பெரும்பாலும் காலி. மென்பொருள் அந்தக் காலி ஜோடியை எடுத்துக்கொண்டாலும் மௌனம்தான் வரும். முதல் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, வெளியீட்டை 48,000 ஹெர்ட்ஸுக்கு வைத்து மாற்றுங்கள். தாலாட்டு வந்ததா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.