மேற்கு நாடுகளில் புத்தரின் தியானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் போதாதா?

நோயாளிகளுக்குப் போதும் என்பதே என் பதில். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய தியானப் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர், மருந்துகள் கைவிட்ட நாள்பட்ட வலியோடு வந்தவர்கள். நிர்வாணம் என்னும் பௌத்த வீடுபேற்றைப் பற்றிப் பேசியிருந்தால் அவர்களில் பாதிப்பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள். ஓர் உலர்திராட்சையை உற்றுப் பார்த்து, முகர்ந்து, நிதானமாக மென்று தின்னச் சொல்லும் அந்த வகுப்பில் புத்தரின் பெயர் இல்லாததில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதே பயிற்சியை, ஊழியர்களிடம் கூடுதல் வேலை வாங்குவதற்காக நிறுவனங்கள் நடத்தும்போதுதான், சீலம் என்னும் ஒழுக்கம் விடுபட்டது உறுத்துகிறது. நான் போன கோயங்கா மரபுப் பத்து நாள் விபாசனா தியான முகாமில், பஞ்சசீலத்தை ஏற்ற பிறகே மூச்சைக் கவனிக்கக் கற்றுத் தந்தார்கள்.

மற்றதை விட்டால்தான் மேற்கில் எடுபடும் என்பதையும் நான் ஏற்பதில்லை. தாய்லாந்து வனமரபின் ஆசான் அஜான் சா 1977-இல் லண்டனுக்கு வந்து, தம் அமெரிக்கச் சீடர் அஜான் சுமேதோவையும் வேறு சில துறவிகளையும் அந்நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் தங்கவைத்தார். பாத்திரம் ஏந்தி நாள்தோறும் வீதியில் நடக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வாய்திறந்து கேட்கக் கூடாது என்பது துறவிகளின் விதி; பாத்திரம் எதற்கென்றே தெரியாத ஊரில் சோறு எங்கிருந்து விழும்? ஆனாலும் நடந்தார்கள். அங்கே காலை ஓட்டத்துக்கு வந்த ஒருவர் இவர்களைக் கண்டு பேச்சுக் கொடுத்து, பழகி, 1978-இல் மேற்கு சசெக்ஸில் தமக்கிருந்த ஹாமர் உட் காட்டையே தானமாகக் கொடுத்தார். மறு ஆண்டு அதன் அருகிலேயே சித்தர்ஸ்ட் மடம் எழுந்தது. விட்டுவிடச் சொல்லிப் பலரும் முதலில் கைகாட்டக்கூடிய பிச்சை நடைதான் அந்த மடத்துக்கு வழி திறந்தது.

மாற்றியே தீர வேண்டியதும் அந்த மரபில் உண்டு, அது பெண்களின் துறவு. சித்தர்ஸ்டில் 1983-இல் பெண்களுக்குப் பத்து விதிகள் கொண்ட சீலதரா நிலை அளிக்கப்பட்டது. முழுத் துறவான பிக்குனி நிலை தரப்படவில்லை. ஆண்களுக்கு 227 விதிகளோடு முழுத் துறவு தரும் மடத்தில், சமத்துவம் பேசி வளர்ந்த பெண்கள் இதை எத்தனை நாள் பொறுப்பார்கள்? 2009-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே நான்கு பெண்கள் பிக்குனிகளானபோது அதற்குத் துணைநின்றவர் அஜான் பிரம், அவரும் அஜான் சாவின் சீடர்தான். தாய்லாந்துத் தலைமை மடம் அவரைத் தன் கூட்டத்திலிருந்து நீக்கியது. அவர் பின்வாங்கவில்லை.