மகள் காட்டுயிர் படிக்க விரும்புகிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் மகள் நர்சிங்கும் வேண்டாம், பொறியியலும் வேண்டாம் என்கிறாள். அழிந்துபோன விலங்குகளை அவை வாழ்ந்த காட்டிலேயே மறுபடி குடியேற்றும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். குனோ காட்டில் சிவிங்கிப்புலிகளை (சீட்டா) கூண்டிலிருந்து திறந்துவிட்ட காட்சியைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும் அம்மா, ஆனால் தாமதமாகத்தான் போடும்.

அவள் பார்ப்பது ஒரு நிமிடக் காட்சி. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவித்தார்கள். எழுபது ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொண்டுவந்தார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 2023 மழைக்காலத்தில் சில விலங்குகள் அடுத்தடுத்து இறந்தன. ஆப்பிரிக்காவில் அது குளிர்காலம் என்பதால் அவற்றின் உடல் அடர்த்தியாக முடி வளர்த்திருந்தது. இங்கே பெய்த மழையில் அந்த முடியும் எங்கே போகின்றன என்று அறியக் கழுத்தில் கட்டிய ரேடியோ காலர் பட்டையின் அடிப்பகுதியும் ஈரம் உலராமலே கிடந்து, புண்ணாகிப் புழு வைத்துவிட்டது. காட்டில் திரிந்தவற்றையெல்லாம் மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, காலரைக் கழற்றி, மருந்திட வேண்டியிருந்தது. திறந்துவிட்ட நாளின் மகிழ்ச்சியை விரும்புகிற பிள்ளை, இந்த நாள்களையும் தாங்குவாளா? இதை அவளிடமே கேளுங்கள்.

அதே மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பன்னா காட்டின் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். 2009-இல் அந்தக் காட்டில் ஒரு புலிகூட இல்லை. வேறு காடுகளிலிருந்து இரண்டு பெண் புலிகளும், பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியும் வந்தன. அந்த ஆண் புலி சில நாள்களிலேயே தான் பிறந்த காட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதம் போல, வயல் வழியாகவும் ஊர் ஓரமாகவும் அது போக, வனத்துறை ஆட்கள் யானைகளோடு பின்னாலேயே போனார்கள். பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தபின், மறுபடி போய்விடாமலிருக்க, வளர்ப்பில் இருந்த ஒரு பெண் புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்தார்கள். 2010 ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று பன்னா மறுபடியும் புலிக்காடு. எனக்கு இந்தத் துறைமீது மதிப்பு வந்ததே இந்தக் கதையால்தான்.

இனி படிப்பு. மதிப்பெண் வருமானால் என் முதல் பரிந்துரை கால்நடை மருத்துவம். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. படிப்பு ஐந்தரை ஆண்டு. காலருக்கு அடியில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும், எவ்வளவு மயக்க மருந்து என்று முடிவு செய்வதும் கால்நடை மருத்துவர்தான். காட்டு வேலை கிடைக்கத் தாமதமானாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டுக் கொட்டகையில் நிற்கவும் ரத்தம் பார்க்கவும் அவளுக்கு மனம் ஒப்ப வேண்டும்.

ஒப்பவில்லை என்றால் பி.எஸ்சி. விலங்கியல், பிறகு எம்.எஸ்சி. காட்டுயிரியல். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் இது இருக்கிறது. டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் இருக்கிறது. இந்த வழியில் முதல் சில ஆண்டுகள் திட்ட ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். சின்ன அமைப்புகளில் அதைவிடக் குறைவு. முப்பது வயது வரை வீட்டுக்குப் பணம் அனுப்ப அவளை நம்பியிருக்க வேண்டிய நிலை என்றால், அதை இப்போதே அவளிடம் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். கணக்கு பிடிக்காது என்று உயிரியலுக்கு வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். இங்கே புள்ளியியல் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, இந்திய வனப் பணித் தேர்வு (ஐ.எஃப்.எஸ்.). விலங்கியல், கால்நடை மருத்துவம் இரண்டுமே அந்தத் தேர்வுக்குத் தகுதியான பட்டங்கள். பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும்; இப்போதிருந்தே நடக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை காட்டில் தனியாக இருப்பாளே என்று எழுதியிருந்தீர்கள். பொறுப்பான எந்தக் குழுவும் தனியாக அனுப்பாது. உள்ளூர் ஆட்களோ வனக்காப்பாளரோ கூட இருப்பார்கள். புலியை நினைத்துப் பயப்படுவதைவிட உண்ணிக்கடியையும் காய்ச்சலையும் நினைத்துக் கவனமாக இருக்கச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் எந்தப் பாடத்திட்டமும் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை. குனோவை முதலில் தயார் செய்தது குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்காக. அதற்காக 24 ஊர்களை இடம் மாற்றினார்கள். சிங்கம் இன்றுவரை வரவில்லை. வீட்டை விட்டுவந்த அந்த மக்களின் எதிரில் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

மத்தியப் பிரதேசம்வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நம் வரையாடுகளுக்காகத் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய திட்டத்தில், அவை முன்பு வாழ்ந்த மலைகளில் மறுபடி குடியேற்றுவதும் ஒரு நோக்கம். அதற்கு முன் புல்வெளியை விழுங்கிய சீகை மரங்களை அகற்ற வேண்டும், ஆடுகளை எண்ண வேண்டும், நோய் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் ஆள் வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் மன்னம்பந்தலுக்கோ ஊட்டிக்கோ அவளை அழைத்துப் போங்கள். துறையில் முன்கூட்டி நேரம் கேட்டு, எம்.எஸ்சி. படிக்கும் மாணவிகளிடம் ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, சீனியர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம் என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். திரும்பி வந்ததும் அரையாண்டு மதிப்பெண்களோடு எனக்கு எழுதுங்கள். கால்நடை மருத்துவத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.