கேளுங்கள், சொல்கிறேன்: உச்சக்குரல்காரரும் ஜப்பானிய கரோக்கியும்

கேள்வி: யோகோஹாமாவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிறவியிலேயே எனக்கு மெல்லிய, உயர்ந்த குரல். டிசம்பரில் போனென்காய் என்ற ஆண்டுமுடிவு விருந்து முடிந்ததும் மொத்தக் கூட்டமும் கரோக்கி அறைக்குப் போகும். போன தடவை புகுயாமா மசாஹருவின் 'சகுராஸகா' பாடினேன். பாதி வரிகள் எனக்கே கேட்கவில்லை. என்னைப் போன்ற குரல் உள்ள ஆண்களுக்கு எந்த ஜப்பானியப் பாட்டு சரிப்படும்?

பதில்: உங்கள் குரல் எனக்கும் உண்டு. தொலைபேசியில் இன்றும் என்னை 'ஒகுசாமா' (வீட்டம்மா) என்று கூப்பிட்டு, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறார்கள். அதனால் அனுபவப்பட்டவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சக்குரல் இருந்தால் எந்தப் பாட்டையும் பாடிவிடலாம் என்று மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். அவர்களுக்கு மேலே எட்டாது, நமக்குக் கீழே எட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். 'சகுராஸகா' 2000-ல் வந்து சக்கைப்போடு போட்ட பாட்டு. அதன் அழகே புகுயாமாவின் கனத்த அடிக்குரல்தான். அதை அசல் சுருதியில் நீங்கள் எடுத்தால் வெறும் காற்றுதான் வரும்.

ஜப்பானிய பாப் பாட்டுகளின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் 'ஏ மெலோ', அடுத்து 'பி மெலோ', அப்புறம்தான் 'ஸபி', அதாவது நம் பல்லவி மாதிரி. நம் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். இங்கே பெரும்பாலும் ஏ மெலோ பேச்சுமாதிரி தாழ்வாகத் தொடங்கும், ஸபியில் பாட்டு எழும்பும். அறையில் எல்லோரும் ஸபியை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது ஏ மெலோவுக்கு. ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் முதல் இரண்டு வரியை மைக் இல்லாமல், மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்குச் சொல்வதுபோலப் பாடிப் பாருங்கள். வார்த்தை தெளிவாக விழுந்தால் அந்தப் பாட்டு உங்களுடையது. விழவில்லையென்றால் சுருதியை ஏற்றுங்கள், இல்லை வேறு பாட்டுக்குப் போங்கள்.

சுருதி மாற்றுவதற்குப் பாட்டுத் தேடும் பலகையிலேயே கூட்டல், கழித்தல் பட்டன் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் அரை ஸ்வரம், நம் கணக்கில் ஏறக்குறைய அரைக்கட்டை. ஜப்பானிய ஆண்கள் பெரும்பாலும் கழித்தலைத்தான் தட்டுவார்கள். உங்கள் விரல் கூட்டல் பக்கம் போகட்டும். 'சகுராஸகா'வையே மூன்று ஏற்றி ஒருமுறை பாடிப் பாருங்கள், ஆள் வேறாகிவிடுவீர்கள்.

இனி பாட்டுகளுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' என்பேன். 1995-ல் வந்தது. பாடகர் குசானோ மசாமுனேவின் குரல் உயரம், ஆனால் கத்தவே கத்தாது. பலத்தால் மேலே ஏறும் குரல் ஒரு வகை, மேலேயே குடியிருக்கும் குரல் இன்னொரு வகை. அவர் இரண்டாவது வகை, நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. வேகமும் மிதம். அதே குழுவின் 'செரி' (1996) இன்னும் எளிது, அறையே சேர்ந்து பாடும்.

அடுத்து ஒதா கஸுமாஸா. அவருடைய 'லவ் ஸ்டோரி வா தொத்ஸுஸென் நி' 1991-ல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' தொடருக்காக வந்த பாட்டு. தொடக்கத்தில் வரும் அந்தக் கிடார் வீச்சைக் கேட்டதுமே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அவர் குரல் பளிங்கு மாதிரி நேராகப் போகும். அதில் நம் பழக்கப்படி கமகம் போட்டால் ருசி கெட்டுவிடும்.

கமகம் போட்டே தீர வேண்டுமா? எங்கா என்ற பழைய பாணி ஜப்பானிய உருக்கப் பாட்டுக்குப் போங்கள். ஹொசொகாவா தகாஷியின் 'கிதா ஸகாபா' 1982-ல் ஜப்பான் ரெக்கார்ட் விருது வாங்கியது. அடுத்த வருடமே 'யகிரி நோ வதாஷி'க்கும் அவருக்கே கொடுத்தார்கள். நாட்டுப்புறப் பாட்டில் ஊறிய உயர்ந்த குரல் அவருடையது. எங்காவில் 'கொபுஷி' என்று சொல்லும் அந்தச் சுழிப்பு நம் தொண்டைக்குச் சட்டென்று வசப்படும். ஓய்வுபெறும் வயதிலிருக்கும் மேலதிகாரிகள் முன் 'கிதா ஸகாபா' பாடினால் கைதட்டலுக்குப் பஞ்சமிருக்காது.

புதுப்பாட்டு என்றால் நிதானம் தேவை. ஒஃபிஷியல் ஹிகே தாண்டிஸத்தின் 'பிரிடெண்டர்' (2019), மிஸஸ் கிரீன் ஆப்பிளின் 'ஆவோ தோ நத்ஸு' (2018) இரண்டும் உயரமான பாட்டுகள், அதனால் உங்களுக்குப் பொருந்தும் என்று யாராவது சொல்வார்கள். உயரம் மட்டும் போதாது. ஒன்றில் கீழிருந்து மேலே போகும் தூரம் அதிகம், இன்னொன்றில் வார்த்தைகள் மூச்சுவிட இடம் தராது. கிங் நூவின் 'ஹகுஜித்ஸு'வோ (இதுவும் 2019) இரண்டு பேர் குரலை நம்பி எழுதிய பாட்டு. இகுச்சி சதோருவின் உயரம் உங்களுக்கு வரும், ஆனால் த்ஸுனேதா தாய்கியின் அடிக்குரல் இடத்தில் அறை மௌனமாகிவிடும். பக்கத்தில் கட்டைக்குரல் நண்பர் யாராவது இருந்தால் பாடுங்கள், தனியாக வேண்டாம்.

விருந்துக்கு முன் ஒரு வாரநாள் பகலில் தனியாகப் போய் அறை எடுங்கள். 'ஹிதோகரா' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கவுண்டரில் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள், கட்டணமும் இரவைவிடக் குறைவு. காஞ்சி என்ற சீன வழி எழுத்தை வாசிக்கத் தடுமாறுகிறவர் என்றாலும் கவலையில்லை, திரையில் அதன் தலைமேல் ஹிரகானா என்ற எளிய ஒலியெழுத்தில் உச்சரிப்பு ஓடும். எந்தப் பாட்டுக்கு எத்தனை தட்டு என்று அன்றே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தன்று அந்த எண்ணைப் போட்டு அனுப்பினால் முடிந்தது.

கேள்வி: ஆண் ஒருவர் பெண்கள் பாடிய பாட்டைப் பாடினால் ஜப்பானியர்கள் கேலி செய்வார்களா? (கவாசாகியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மாட்டார்கள். தொகுனாகா ஹிதேஆகி 2005 முதல் 'வோகலிஸ்ட்' என்ற வரிசையில் பாடகிகளின் பாட்டுகளாகவே பாடி ஆல்பம் ஆல்பமாக வெளியிட்டார், ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மேலே சொன்ன 'யகிரி நோ வதாஷி'கூட முதலில் சியாகி நவோமி என்ற பாடகி பாடியதுதான். உங்களைப் போன்ற குரலுக்கு நகாஜிமா மியுகியின் 'இத்தோ' (1992) பொருத்தம். அவருக்குத் தாழ்ந்த குரல், அதனால் சிலருக்கு அசல் சுருதியிலேயே சரியாக உட்காரும், சிலருக்கு இரண்டு மூன்று குறைக்க வேண்டியிருக்கும். கல்யாண வீடுகளில் பாடும் பாட்டு என்பதால் தெரியாதவர் இல்லை.

கேள்வி: எல்லோர் முன்னாலும் சுருதியை மாற்றினால் 'பாடத் தெரியாதவன்' என்று நினைக்க மாட்டார்களா? எந்திரம் போடும் மதிப்பெண் குறையுமா?

பதில்: குறையாது, மாற்றிய சுருதியை வைத்துத்தான் எந்திரம் கணக்குப் போடும். வெட்கத்துக்கும் இடமில்லை. கோபே நகரத்து இனோவே தாய்சுகே மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். வாடிக்கையாளரான ஒரு கம்பெனி முதலாளி பயணத்துக்குக் கூப்பிட, போக முடியாத இவர் அந்த மனிதரின் பாட்டுக்குத் தோதாகப் பின்னணி இசையை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். 1971-ல் இனோவே செய்த கரோக்கிப் பெட்டிக்கு வித்து அதுதான். ஒருத்தர் தொண்டைக்காக இசையை வளைத்ததில் பிறந்த சமாசாரத்துக்கு முன்னால் நின்று அசல் சுருதி கௌரவம் பார்ப்பானேன்?

கேள்வி: எங்கள் புச்சோவுக்கு (துறைத் தலைவர்) கட்டைக்குரல். என்னையும் இழுத்து ஜோடிப்பாட்டு பாடச் சொல்கிறார். எனக்கோ கீச்சுக்குரல். என்ன செய்ய?

பதில்: 'கின்ஸா நோ கொய் நோ மொனொகதாரி' போடச் சொல்லுங்கள். 1961-ல் இஷிஹாரா யூஜிரோவும் மகிமுரா ஜுன்கோவும் பாடியது, அவர் தலைமுறைக்கு அத்துப்படி. யூஜிரோ பகுதியை புச்சோவுக்கு விட்டுவிட்டுப் பெண் பகுதியை நீங்கள் எடுங்கள். சிரிப்பு கிளம்பும், கிளம்பட்டும். ஒன்று மட்டும்: சுருதிப் பட்டனை அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அவர் பாட்டு அது.