முடிச்சவிழ்க்கிகளின் மேடைப் பேச்சு: கேள்வி பதில்

கே: பழைய ஆங்கில நகைச்சுவை நாடகங்களில் திருட்டு பாஷை வருமாமே, எதில் ஆரம்பிக்கலாம்?

ப: மிடில்டனும் டெக்கரும் சேர்ந்து எழுதி 1611-ல் அச்சான ‘ரோரிங் கேர்ள்’. நாயகி மோல் கட்பர்ஸ், மேரி ஃபிரித் என்ற நிஜ லண்டன் பெண்ணை வைத்து எழுதப்பட்டவள். ஐந்தாம் அங்கத்தில் கந்தலும் ஒட்டுமாக இரண்டு பேர் வந்து திருட்டு பாஷையில் அளக்கிறார்கள். மோல் அதே பாஷையில் திருப்பிக் கொடுக்கிறாள். கூட வந்த பிரபுக்கள் முழிக்கிறார்கள். ‘பூசிங் கென்’ என்றால் சாராயக்கடை, ‘ரோம்வில்’ என்றால் லண்டன் என்று அவளே அவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரபுக்கள் கேட்பது சாக்கு, பதில் நமக்கு.

கே: இதுதானே காக்னி ரைமிங் ஸ்லாங்?

ப: இல்லை. அது லண்டன் கிழக்குப்புறத்து ஆட்கள் ஒரு சொல்லுக்குப் பதில் அதோடு எதுகை சேரும் சொல்லைப் போட்டுப் பேசியது. 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

கே: ஹார்மன் எழுதினார், டெக்கர் காப்பியடித்தார், நாடகக்காரர்கள் டெக்கரைக் காப்பியடித்தார்கள். இப்படி ஒரு பாஷை தெருவில் இருந்ததே இல்லை என்கிறேன்.

ப: பாதி சரி. கென்ட் பகுதிக் கனவான் தாமஸ் ஹார்மன் 1560-களில் போட்ட சொல்பட்டியலை டெக்கர் 1608-ல் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், டெக்கரைத் தனிச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஆனால் புத்தக வியாபாரமே இல்லாத ஒரு சாட்சி இருக்கிறது. 1585-ல் லண்டன் நகரத்து நீதிபதி வில்லியம் ஃப்ளீட்வுட், அமைச்சர் பர்லிக்கு எழுதிய கடிதம். பில்லிங்ஸ்கேட் பக்கம் வாட்டன் என்று ஒருவன், நொடித்துப்போன வியாபாரி. பையன்களுக்குத் திருடச் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடமே நடத்தினான். ஒரு சட்டைப்பையையும் ஒரு பணப்பையையும் தொங்கவிட்டு, சுற்றிலும் குட்டி மணிகளைக் கட்டியிருந்தான். மணி சத்தம் போடாமல் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுப்பவன் ‘ஃபாய்ஸ்டர்’. பணப்பையிலிருந்து வெள்ளிக்காசை எடுப்பவன் ‘நிப்பர்’. முன்னவன் ஜேப்படிக்காரன், பின்னவன் நம் முடிச்சவிழ்க்கி. ராபர்ட் கிரீன் திருடர்களைப் பற்றிச் சிறுநூல்கள் போட்டு விற்க ஆரம்பித்தது 1591-ல்தான். ஆறு வருஷம் முந்தி!

கே: இரண்டே சொல். அதை வைத்து ஒரு மொழியைக் கட்டுவீர்களா?

ப: சரி, கட்ட மாட்டேன். சொற்கள் இருந்தன, மேடையில் வருகிற மாதிரி வாக்கியம் முழுக்க அதையே அடுக்கிப் பேசினார்கள் என்பதை நானும் நம்பவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குப் புரியாமல் இருக்க ஒரு சொல் போதும். பத்துச் சொல் அடுக்கினால் அவன் திரும்பிப் பார்ப்பான், தொழில் கெட்டுப்போகும்.

கே: ஆங்கிலத்தில் இன்றும் சாராயத்தை ‘பூஸ்’ என்கிறார்களே, அது ஆதாரம் இல்லையா?

ப: நாடகங்களே அதைப் பரப்பியிருக்கலாமே. முந்தைய நண்பர் இதைக் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

கே: ஷேக்ஸ்பியர்?

ப: ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் டால் என்பவள், பிஸ்டல் என்ற சண்டியனை ‘பங்’ என்று திட்டுகிறாள். பணப்பைக்குத் திருடர்கள் வைத்த பெயர். இங்கே அதை அறுப்பவனுக்கு.

கே: காக்னி ரைமிங் ஸ்லாங்கில் இது எந்த வகை?

ப: இரண்டாவது பதில்.

கே: பென் ஜான்சன்?

ப: அவருக்குச் சொல்லைவிடக் கைவேலையில்தான் கண். 1614-ல் மேடையேறிய ‘பார்த்தலோமியோ ஃபேர்’ பாருங்கள். பாட்டுக்காரன் ‘முடிச்சவிழ்க்கிகள் ஜாக்கிரதை’ என்று பாடுகிறான். கோக்ஸ் என்ற அசடு பையைக் கையால் பொத்திக்கொண்டு ரசிக்கிறான். எட்ஜ்வொர்த் என்ற முடிச்சவிழ்க்கி ஒரு வைக்கோலால் அவன் காதில் கூச்சம் காட்டுகிறான். கை காதுக்குப் போகிறது, பை போய்விடுகிறது.

கே: தமிழில் இதற்கு என்ன பெயர்?

ப: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது இலக்கண உரைகளில் வரும் உதாரணம். அதற்கு மேல் தமிழாசிரியரைக் கேளுங்கள்.

கே: கதை எழுதுகிறேன். பேச்சில் தூவ இருபது சொல் கொடுங்கள்.

ப: தூவாதீர்கள். ஷாட்வெல் 1688-ல் எழுதிய ‘ஸ்குயர் ஆஃப் அல்சேஷியா’வில் பெல்ஃபாண்ட் என்ற பணக்கார நாட்டுப்புறத்தான் இதைத்தான் செய்கிறான். லண்டன் எத்தர்களிடம் ‘ரைனோ’ என்றால் காசு என்றெல்லாம் கற்றுக்கொண்டு பெருமையடிக்கிறான். ஏமாளிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பப்பிள்’. அவன்தான் அது.

கே: காக்னி…

ப: இன்றைக்குக் கடையைக் கட்டுகிறேன்.