அப்பாவுக்கு மீண்டும் ஆஞ்சியோகிராம் என்கிறார்கள். கதிர்வீச்சைக் குறைக்க முடியுமா?

சில மாதங்களுக்கு முன் சி.டி. ஆஞ்சியோ எடுத்த தந்தையாருக்கு, இப்போது வேறொரு மருத்துவமனையில் கை வழியாகக் குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராமும் வேண்டும் என்கிறார்கள், இவ்வளவு கதிர்வீச்சு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் சிகிச்சையும் நடக்கும் அறையான கேத் லேபில் எக்ஸ்-ரே இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பர். சோதனை தேவையா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாரடைப்போடு வந்தவர் கதிர்வீச்சுக்கு அஞ்சித் தாமதிப்பது தற்கொலைக்கு ஒப்பானது என்பதையும், "மக்களை பயமுறுத்துகிறார்" என்று எழுதப்போகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இயற்கையிலிருந்து மட்டும் ஒரு மனிதருக்கு ஆண்டொன்றுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. அடைப்பைப் பார்ப்பதற்கு மட்டும் செய்யும் ஆஞ்சியோகிராமில் ஏறத்தாழ 7 சேரும். சி.டி. ஆஞ்சியோவில் இயந்திரத்தையும் எடுக்கும் முறையையும் பொறுத்து 1-க்குக் கீழேயும் நிற்கும், பழைய முறையில் 15-ஐயும் எட்டும். நாடித்துடிப்பு மெதுவாகவும் சீராகவும் இருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அசைவற்றிருக்கும் சிறு பொழுதில் மட்டும் கதிரைச் செலுத்தினால் போதும்; முன்கூட்டியே துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சு அறவே இல்லை.

ஆனால், என் அனுபவத்தில், நோயாளியின் குடும்பத்தினர் கையில் இருக்கும் மிகப் பெரிய வழி, எடுத்த படத்தையே மறுபடி எடுக்காமல் தடுப்பதுதான். வெளியூரில் ஆஞ்சியோகிராம் முடித்து, அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்க எங்களிடம் வந்த ஒருவரின் குறுந்தகடு எங்கள் கணினியில் திறக்கவில்லை என்பதற்காக, முதலிலிருந்து எல்லாக் கோணங்களிலும் படமெடுக்க ஏற்பாடாகிவிட்டது. அவருடைய மகள் விடவில்லை. நான் வேறொரு கணினியில் வேறு மென்பொருளைக் கொண்டு அதைத் திறந்து மருத்துவரிடம் காட்டினேன். அடைப்பு தெளிவாகத் தெரிந்தது, நேரே ஸ்டென்டுக்குப் போனோம். "வெளியே எடுத்ததை நாங்கள் ஏற்பதில்லை" என்று படத்தைப் பார்க்காமலேயே சொல்லும் மருத்துவமனைகள்மீது எனக்குக் கோபம் உண்டு. படம் தெளிவாக இல்லையென்றாலோ, நோய் மாறியிருந்தாலோ மீண்டும் எடுப்பது நியாயம். தகடு திறக்கவில்லை என்பது நியாயமன்று. ஆகவே அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், சி.டி. ஆஞ்சியோவின் படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.

லேபுக்குள் செய்ய வேண்டியவை எங்கள் பொறுப்பு: நொடிக்கு 15 படங்களுக்குப் பதில் 7.5 எடுத்தல், தேவையான இடத்துக்கு மட்டும் கதிரைச் சுருக்குதல், படம் வாங்கும் தட்டை மார்புக்கு அருகில் வைத்தல், கதிரை இயக்கும் மிதியிலிருந்து பாதத்தை உடனுக்குடன் எடுத்தல். இதில் எங்களுக்குச் சுயநலமும் உண்டு. எங்கள்மேல் விழும் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவதே என்பதால், அவருக்குக் குறைந்தால் எங்களுக்கும் குறையும். பணியாளர் கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150-லிருந்து 20 மில்லிசீவர்ட்டாகக் குறைக்கும்படி சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்தது. இருந்தும், ஈயக் கண்ணாடி கேட்டால் "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்னும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனை முடிந்ததும், இயந்திரம் காட்டிய கதிர் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ஆஞ்சியோகிராமில் தோலுக்குக் கவலையில்லை. சிக்கலான ஸ்டென்ட் சிகிச்சை நீண்டு, அந்த அளவு 5 கிரேயை (கதிர் அளவின் இன்னோர் அலகு) தாண்டியிருந்தால், அடுத்த சில வாரங்கள், கதிர் நுழைந்த அவருடைய முதுகைப் பாருங்கள். கட்டம் போட்டதுபோல் சிவந்தால், தோல் மருத்துவரிடம் ஆஞ்சியோ செய்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வாமை என்று களிம்பு எழுதிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.