தூக்க முடிகிற கைக்குப் பொத்தான் போட ஏன் முடியவில்லை?

அப்பாவுக்கு 74 வயது, கனமான பையைத் தூக்கிவிடுகிறார், ஆனால் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது, இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவிடம் இதையே பார்த்திருக்கிறேன். தைக்க உட்கார்ந்தால் நூலின் நுனி ஊசிக் காதுவரை சரியாகப் போகும். அங்கே போய் நடுங்கும், விலகும், திரும்ப வரும். பார்வைதான் காரணம் என்று கண்ணாடியை மாற்றினோம். நடுக்கம் அப்படியேதான் இருந்தது.

கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். புறங்கையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு தசை புடைக்கும். அதை இயக்கும் நரம்பு செல்கள் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் பொறுப்பிலும் சில நூறு தசை இழைகள். செல்லையும் அதன் இழைகளையும் சேர்த்து மோட்டார் யூனிட் என்பார்கள். 60 வயதுக்கு மேல் இந்தச் செல்கள் குறைவது நன்றாகவே தெரிய ஆரம்பிக்கும். ஒரு செல் இறந்தால் அதன் இழைகள் அநாதையாகிவிடும். பக்கத்து நரம்பு புதுக்கிளை விட்டு, முடிந்தவரை அவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். இதை முதலில் படித்தபோது அம்மாவின் கையை வேறு கண்ணோடு பார்த்தேன்.

இப்படிச் சமாளிப்பதால்தான் பலம் குறைந்தாலும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. ஆனால் மிஞ்சிய யூனிட்கள் பெரிதாகிவிடுகின்றன. சில்லறை தீர்ந்து, கையில் பெரிய நோட்டுகள் மட்டும் இருப்பது போல. பை தூக்கப் பெரிய நோட்டு போதும். பொத்தானுக்குத் தேவை சில்லறை. போதாததற்கு, நரம்பு அனுப்பும் துடிப்புகளின் இடைவெளியும் சீராக இருப்பதில்லை. அதனால் மெல்லிய விசையில்தான் தடுமாற்றம் அதிகம்.

அப்புறம், விரல் நுனியில் தொடு உணர்வு ஏற்பிகளும் குறைகின்றன. பொருள் நழுவுகிறதா என்று சரியாகத் தெரியாததால் கை தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். உங்கள் அப்பா டம்ளரைப் பிடிப்பதைக் கவனித்தால் தெரியும்.

மெதுவாகக் கூடிவரும், இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் தடுமாற்றம் பெரும்பாலும் வயதால் வருவது. ஒரு கையில் மட்டும் தசை வற்றிக் குழி விழுந்தாலோ, சும்மா மடியில் வைத்திருக்கும்போது கை நடுங்கினாலோ, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரு கை பலமிழந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி, பொத்தானை நீங்களே போட்டுவிடாதீர்கள். குறைந்த எடையை வைத்து, அவசரமில்லாமல், சீராக அசைத்துப் பழகினால் முதியவர்களுக்கும் சில வாரங்களில் கை நிதானம் கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அம்மா இப்போது இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் நூல் கோக்கிறார். மூன்றாவது, நான்காவது முயற்சியில் நுழைந்துவிடுகிறது.