பைப் ஆர்கன் பழமையானது என்றால், அதை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

பைப் ஆர்கன் என்பது காற்றழுத்தத்தால் குழாய்களை ஒலிக்கச் செய்யும் இசைக்கருவி. ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய வால்வு திறந்து, காற்று குழாய்க்குள் புகுகிறது.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனைப் பாருங்கள். அதன் மரக்கூடு, ஆர்கன் கட்டுநர் பிரான்சுவா தியெர்ரி 1733இல் முடித்த பணியைச் சேர்ந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் கிளிக்கோ என்ற மற்றொரு கட்டுநர் அதை விரிவுபடுத்தினார். பழைய குழாய்களில் பலவற்றை வைத்துக்கொண்டே, கவாய்யே-கோல் என்ற கட்டுநர் 1868இல் அதை ஏறக்குறைய புதிய கருவியாக்கினார்.

மாற்றங்களுக்கு ரசனை மட்டும் காரணமன்று. குழாய்களும் காற்றழுத்தமும் கூடக்கூட, அந்த அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறக்க வேண்டியிருப்பதால், கட்டைகள் விரலுக்குக் கடினமாகிவிடும். கவாய்யே-கோல், காற்றின் விசையே விரலுக்கு உதவும் நெம்புகோல்களைப் பொருத்தினார்; 1960களில் அந்த வேலை மின்சாரத்துக்கும், 1992இல் பெருமளவு கணினிக்கும் சென்றது. இரும்பு அச்சும் சக்கரமும் பூட்டிய பின்னும் கோயில் தேர் அதே தேராகவே ஓடுவதைப் போன்றது இது. (ஆனால் மின்சார இணைப்பில் வாசிப்பவரின் விரல் வால்வை நேரடியாக உணர்வதில்லை, அது இழப்பே என்பது என் கருத்து.)

பேராலயத்தில் 2019இல் நேர்ந்த தீவிபத்தில் இந்த ஆர்கன் எரிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நெருப்பு அதைத் தொடவில்லை, கூரையிலிருந்து வந்த ஈயத் தூசி படிந்ததால்தான் ஏறத்தாழ 8,000 குழாய்களில் பெரும்பாலானவை கழற்றித் துப்புரவாக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் ஒலித்தன.